பெனருக்குத் தகுதி, வகுப்புக்கு இல்லை

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நகராமல் நின்ற ஒரு காலையில், கஜலட்சுமி தன் முகத்தைத் தானே அண்ணாந்து பார்த்தாள்.

சந்தியில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியிலிருந்து வணிகக் கல்லூரி ஒன்றின் பெரிய பெனர் தொங்கியது. இராணுவச் சீருடையில், தொப்பியைச் சரியாக வைத்து, நெஞ்சை நிமிர்த்தி நிற்பவள் அவளேதான். பக்கத்தில் மூன்று மொழியிலும் வாசகம். தமிழில் இப்படிப் போட்டிருந்தார்கள்: "சீருடையில் இருந்து வியாபரத்திற்கு! உங்கள் சேவைக்காலமும் எங்களுக்குத் தகுதியே." வியாபாரத்துக்கு ஒரு கால் இல்லை.

லொறியை ஓட்டிக்கொண்டிருந்த தம்பி பிரதீஸ் கழுத்தை வெளியே நீட்டினான். "அக்கா, அது நீதானே?"

அவள் பெனரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப எடுத்துட்டாங்களா ஒன்னைய? சொல்லவே இல்ல?"

"எடுக்கல" என்றாள். "எடுக்கலன்னு போன மாசம் மெயில் போட்டானுங்க."

பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். பிரதீஸ் லொறியை எடுத்தான். பின்பக்கத்தில் லீக்ஸும் கரட்டும் கோவாவும் பிலிமத்தலாவைக் கடைகளுக்குப் போகக் காத்திருந்தன. கஜலட்சுமி கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பெனரில் இருந்தவள் சிரித்துக்கொண்டே சிறிதாகிப் போனாள்.

கஜலட்சுமிக்குக் கோபம் புதிதல்ல. மடுல்கெல்லத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். ஏஎல் எனும் உயர்தரப் பரீட்சை எழுதிப் பாஸாகிப் பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி போதாமல் வீட்டில் இருந்தபோது, அவளுக்கு முன்னால் மூன்று வழிகள்தான் இருந்தன. மலையில் தேயிலைக் கொழுந்து, கொழும்பில் துணிக்கடை, குவைத்தில் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை. தமிழ்ப் பிள்ளைகளையும் இராணுவத்தில் சேர்க்கிறார்கள் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. யுத்தம் முடிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. யாரிடமும் கேட்காமல் விண்ணப்பம் போட்டாள். கடிதம் வந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரியும்.

அம்மா வேலாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா அழவில்லை. "குவைத்துக்குப் பாத்திரம் கழுவப் போயிருந்தாக்கூட நாலு பேருக்குச் சொல்லிக்கலாம். இத எப்படிச் சொல்றது?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவள் விடுமுறையில் வரும்போதெல்லாம் அவர் வேறு எங்கேயாவது போய்விடுவார். பிரதீஸ் பள்ளிக்கூடத்தில் "ஆமிக்காரி தம்பி" ஆனான். அதற்காக இரண்டு முறை மூக்குடைபட்டு வந்திருக்கிறான்.

பன்னிரண்டு வருஷச் சேவையில் பெரும்பகுதி அநுராதபுரம் பக்கத்தில் ஒரு முகாமின் உணவுக் களஞ்சியத்தில் கழிந்தது. துப்பாக்கியைவிட அரிசி மூட்டையைத்தான் அவள் அதிகம் பார்த்தாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. எங்கேயோ விளைகிற ஒன்று, அழுகாமல் குறையாமல், பசிக்கிறவனின் தட்டு வரைக்கும் வந்து சேருவதில் ஒரு திருப்தி இருந்தது. கோப்ரல் பதவியோடு விலகி வந்து, கைக்குக் கிடைத்த தொகையில் ஒரு சின்ன லொறி வாங்கினாள். வத்தேகமவில் வாடகை வீடு எடுத்தாள். மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டங்களில் மரக்கறி வாங்கிக் கண்டியிலும் பிலிமத்தலாவையிலும் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் கொடுக்கத் தொடங்கினாள். வியாபாரம் நடந்தது. ஆனால் ஏன் ஒரு மாதம் நன்றாக இருக்கிறது, ஏன் அடுத்த மாதம் கையைக் கடிக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. இரண்டாவது லொறி எடுக்கலாமா கூடாதா என்று யாரிடம் கேட்பது? படிக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

பேராதனை வீதியில் ஒரு தனியார் வணிகக் கல்லூரி இருந்தது. சனிக்கிழமை நேரில் வகுப்பு, வாரநாளில் ஒன்லைன். வேலை செய்கிறவர்களுக்கான பகுதிநேர முகாமைத்துவப் பட்டம். அவளுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. விண்ணப்பப் பிரிவில் இருந்த அஸ்ஃபர், அக்குறணைப் பையன், வாய் நிறையச் சிரித்து வரவேற்றான். "மிஸ், ஆமி சேர்விஸ் ஈக்கிறது பெரிய விஷயம். யூனிஃபோம்ல ஒரு நல்ல போட்டோ ஈந்தா வட்ஸ்அப்ல போடுங்க. ஃபைலுக்கு வேணும்" என்றான். போட்டாள்.

நேர்முகத்தில் மூன்று பேர். நடுவில் கல்லூரியின் பணிப்பாளர், சிங்களப் பெண்மணி, நல்ல சேலை. ஒரு பக்கம் ஆங்கிலத்தில் மட்டும் பேசிய ஒருவர். மறுபக்கம் கணக்கீட்டு விரிவுரையாளர் ஸ்ரீஸ்கந்தராசா, யாழ்ப்பாணத்துக்காரர், நரைத்த மீசை. பணிப்பாளர் லொறியைப் பற்றியும் களஞ்சியத்தைப் பற்றியும் கேட்டார். ஸ்ரீஸ்கந்தராசா கேட்டது இரண்டே இரண்டு.

"எப்ப ஆமியிலை சேர்ந்தனீர்?"

"ரெண்டாயிரத்துப் பன்னெண்டுல, சேர்."

"அதுக்கு முதல்?"

"ஏஎல் படிச்சிக்கிட்டிருந்தேன்."

"ம்" என்றார். பேனாவை மூடினார்.

பிறகு வந்த மின்னஞ்சல் சொன்னது: சேவைக்காலத்தை முகாமைத்துவ அனுபவமாகக் கருத முடியாது. ஒரு வருட அடிப்படைச் சான்றிதழை முடித்த பின் மீண்டும் விண்ணப்பிக்கலாம். கஜலட்சுமி அதை விழுங்கிக்கொண்டாள். படித்தவர்கள், ஏதோ கணக்கு வைத்துத்தான் சொல்லியிருப்பார்கள் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். இப்போது பெனரைப் பார்த்த பிறகு அந்தத் தேறுதல் கோபமாகத் திரும்பி வந்தது.

பிலிமத்தலாவையில் மரக்கறியை இறக்கிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. லீலாதேவி. பேராதனையில் மாணவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் யாழ்ப்பாணத்து அம்மா. ஆரம்பத்திலிருந்தே கஜலட்சுமியிடம்தான் மரக்கறி எடுக்கிறார். அவள் கொண்டுபோகும் லீக்ஸைத் தட்டித் தட்டிப் பார்த்துப் பாராட்டுபவர்.

"தங்கச்சி, பெனரிலை பாத்தன். நீர் ஆமியிலை இருந்தனீரோ?"

"ஆமாங்க அம்மா."

"எனக்குச் சொல்லேல்லை."

"நீங்க கேக்கலீங்களே."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நாளையிலை இருந்து கொண்டுவர வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். குரலில் கோபம்கூட இல்லை. கஜலட்சுமிக்கு அதுதான் தாங்கவில்லை.

"வண்டிய எடு" என்றாள் தம்பியிடம்.

"இன்னும் ரெண்டு கடை..."

"எடுடா!"

கல்லூரி மூன்றாம் மாடியில். மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் படியில் ஏறினாள். கையில் கோவா இலையின் ஈரம், காலில் சேறு. வரவேற்பறைக்குள் நுழைந்ததும் மறுபடியும் அவளே நின்றாள். ஆளுயரத்தில், ஒரு தாங்கியில், அதே சிரிப்போடு. பக்கத்தில் ஒரு தாயும் தகப்பனும் தங்கள் மகனோடு உட்கார்ந்து விளக்கப் புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

அஸ்ஃபர் எழுந்து ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. "மிஸ், டென்ஷனாக வேணாம். உக்காருங்க. டீ ஒண்டு..."

"ஃபைலுக்குத்தானே கேட்டீங்க?"

"மேல சொன்னதத்தான் மிஸ் நான் செஞ்ச. மார்க்கெட்டிங்ல கேட்டாங்க..."

"நான் இங்க படிக்கிறேனா?"

அவன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான்.

"சத்தமா சொல்லுங்க அஸ்ஃபர். இவங்களுக்கும் கேக்கட்டும். நான் இங்க படிக்கிறேனா?"

"இல்ல மிஸ்."

மகனோடு வந்திருந்த தாய் புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள்.

சத்தம் கேட்டுப் பணிப்பாளர் வெளியே வந்தார். அவளைக் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்துப்போய், குளிரூட்டிய அறையில் உட்கார வைத்து, சிங்களத்தில், தங்கச்சி முறை வைத்து, மிகவும் இனிமையாகப் பேசினார். "நங்கி, இது ஒரு சின்னத் தவறு. உன்னைக் கௌரவப்படுத்தத்தானே போட்டோம். ஒரு தமிழ்ப் பெண், இராணுவம், இப்போது வியாபாரம். எவ்வளவு அழகான கதை! எத்தனை பேருக்கு உற்சாகம்!" பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த வருஷ வகுப்பிலேயே உன்னைச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டணமும் வேண்டாம். புலமைப்பரிசில் தருகிறோம். ஒரே ஒரு சின்ன வீடியோ மட்டும் செய்து தா."

கஜலட்சுமி சிங்களம் கற்றது அணிவகுப்பு மைதானத்தில். அந்தச் சிங்களத்தில் வளைவு நெளிவு இல்லை. அதிலேயே பதில் சொன்னாள்.

"போன மாதம் எனக்குத் தகுதி இல்லை. இந்த மாதம் இருக்கிறது. இடையில் நான் எதைப் படித்தேன் மேடம்?"

பணிப்பாளர் மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பன்னிரண்டு வருஷம் வேலை செய்தேன். அது கணக்கில் வராது என்றீர்கள். சரி. என் மூஞ்சி மட்டும் எப்படி வரும்? உங்கள் பெனரால் இன்று காலையில் ஒரு வாடிக்கையாளரை இழந்தேன். அவருக்குச் சொல்ல வேண்டிய விஷயத்தை நான்தான் சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றும் நாளில். நீங்கள் சந்தியில் கட்டித் தொங்கவிட்டு விட்டீர்கள்."

"நங்கி, கோபப்படாதே..."

"கோபப்படத்தான் வந்தேன்."

எழுந்து வெளியே வந்தாள். வரவேற்பறையில் நின்ற ஆளுயரப் படத்தைத் தாங்கியிலிருந்து பிடுங்கினாள். தாங்கி சரிந்து விழுந்து தரையில் உருண்டது. படத்தை மடித்தாள். பிளாஸ்டிக் என்பதால் மடியாமல் முறுக்கிக்கொண்டு நின்றது. காலை வைத்து மிதித்து மடித்தாள். யாரும் தடுக்கவில்லை. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியில் இறங்கினாள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது. "பிள்ளை, நில்லும்."

ஸ்ரீஸ்கந்தராசா. மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த முடிவை எழுதினது நான். மேடமும் மற்றவரும் எடுக்கலாம் எண்டுதான் சொன்னவை. நான்தான் அனுபவமாய் எடுக்க ஏலாது எண்டு காரணம் எழுதி நிப்பாட்டினனான்."

கஜலட்சுமி இரண்டு படி மேலே ஏறினாள். "ஏன் சேர்?"

"என்ரை தம்பி..." என்று தொடங்கினார். "சண்டையின்ரை கடைசி மாசங்களிலை. புதுக்குடியிருப்பிலை." அதற்கு மேல் சொல்லவில்லை. "உம்மிலை பிழை இல்லை எண்டு தெரியும். எப்ப சேர்ந்தனீர் எண்டு கேட்டது அதுக்குத்தான். தெரிஞ்சுகொண்டுதான் எழுதினன்."

பொய் சொல்கிறவர்களோடு சண்டை போடத்தான் அவள் காலையிலிருந்து தயாராகி வந்திருந்தாள். உண்மை சொல்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது என்று ஒரு கணம் தெரியவில்லை. ஆனால் கோபம் குறையவில்லை. அது வேறு ஒரு இடத்தில் பற்றிக்கொண்டது.

"ஒங்களுக்கு நடந்தது பெரிசு சேர். அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு கேக்குறேன். எங்க அப்பா ஒரு காலத்துல ஒங்க பக்கம் கடையில வேலைக்கு நின்னவரு. அங்க அவரத் தோட்டக்காட்டான்னு கூப்பிட்டாங்க. பேரு சொல்லிக் கூப்பிட்ட ஒரு ஆள் இல்லன்னு சொல்லுவாரு. திரும்பி வந்தாரு. இங்க வந்தா சிங்களவன் தெமளான்னு சொன்னான். நான் ஆமிக்குப் போனேன், எங்க தோட்டத்து லயத்துலேயே ஆமிக்காரின்னாங்க. ஆளாளுக்கு ஒரு பேரு வச்சாச்சு. படிச்சா அதெல்லாம் போயிரும்னு நெனைச்சு வந்தேன் பாருங்க, என்னையச் சொல்லணும்." குரல் உடைந்தது. அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது. "நீங்க அழுறதுக்கு என் படிப்புதானா கெடைச்சுச்சு?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றார். கீழே வீதியில் பிரதீஸ் ஹோர்ன் அடிப்பது கேட்டது. பொலிஸ்காரன் வந்திருப்பான்.

"மேன்முறையீடு போடும்" என்றார் கடைசியில். "திரும்ப விசாரிக்க ஒரு குழு வைப்பினம். நான் அதிலை இருக்க மாட்டன்."

"வேணாம்" என்றாள் கஜலட்சுமி. "நீங்க இருங்க. இருந்து, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. எடுக்கலன்னாலும் பரவால்ல."

லொறிக்குத் திரும்பியதும் கக்கத்தில் இருந்ததைப் பின்னால் எறிந்தாள். பிரதீஸ் அதை விரித்துப் பார்த்துவிட்டு, மழைக்கு மூட ஆகும் என்றான். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

அன்று மாலையே மேன்முறையீடு எழுதினாள். புலமைப்பரிசில் வேண்டாம், தன் அனுமதியில்லாமல் வைத்த படங்கள் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், விண்ணப்பத்தை முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று மூன்று வசனம். இரண்டாவது நேர்முகத்துக்குச் சேலை கட்டிக்கொண்டு போனாள். அதே மூன்று பேர். பணிப்பாளர் சிரிக்கவில்லை. ஸ்ரீஸ்கந்தராசா இந்த முறை நிறையக் கேட்டார். கேட்கும்போது அவள் முகத்தைப் பார்த்தார். அது அவருக்கு லேசாக இல்லை என்பது தெரிந்தது.

"ஒரு பலன்ஸ் ஷீட்டை, ஐந்தொகையை, வாசிக்கத் தெரியுமோ?"

"தெரியாது சேர்."

"கடன் எடுத்து ரெண்டாவது லொறி வாங்கினா லாபமோ நட்டமோ எண்டு கணிக்கத் தெரியுமோ?"

"தெரியாது. தெரிஞ்சா நான் ஏன் சனிக்கிழமை யாவாரத்த விட்டுட்டு இங்க வர்றேன்?"

அவர் தலையைக் குனிந்து ஏதோ எழுதினார். அடுத்த வாரம் அனுமதி வந்தது. சேரும்போது கொடுத்த தாளில், கல்லூரியின் விளம்பரங்களுக்கு மாணவரின் படத்தைப் பயன்படுத்தச் சம்மதம் என்று ஒரு பந்தி இருந்தது. கஜலட்சுமி அதைக் குறுக்கே கோடிட்டு வெட்டிக் கையெழுத்து வைத்தாள். அஸ்ஃபர் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கி உள்ளே வைத்தான்.

கட்டுகஸ்தோட்டைப் பெனர் இறங்க மட்டும் இன்னும் பல நாள் பிடித்தது. இறக்கும் ஆள் வரவில்லை, ஏணி இல்லை, மருந்துக்கடைக்காரர் ஊரில் இல்லை. ஒவ்வொரு காலையும் அதன் கீழால் போகும்போது பிரதீஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டு வீதியை மட்டும் பார்த்து ஓட்டினான். லீலாதேவி திரும்பவும் அழைக்கவில்லை. கஜலட்சுமி ஒரு நாள் அவர் வீட்டு வாசல்வரைக்கும் போனாள். உள்ளே தாளிக்கும் வாசனை வந்தது. மன்னிப்புக் கேட்க அவளிடம் எதுவும் இல்லை. விளக்கம் சொல்லவும் மனம் வரவில்லை. திரும்பி வந்துவிட்டாள். அந்த ஓடர் போனது போனதுதான்.

இப்போது இரண்டாம் தவணை நடக்கிறது. வாரநாள் வகுப்புகளை லொறிக்குள் இருந்தே கேட்கிறாள். மடுல்கெல்லப் பாதையில் சிக்னல் போகும் வளைவுகள் எவை என்று பிரதீஸுக்குத் தெரியும். வகுப்பு நடக்கும்போது அவற்றுக்கு முன்னாலேயே ஓரமாக நிறுத்துவான். சனிக்கிழமைகளில் கண்டிக்குப் போகிறாள். கணக்கீடு ஸ்ரீஸ்கந்தராசாதான். அவளை மற்றவர்களைப் போலவே "நீர்" என்கிறார். அவள் மற்றவர்களைப் போலவே "சேர்" என்கிறாள். படிக்கட்டில் பேசியதை இருவரும் பிறகு பேசவில்லை. பேசினால் ஆறிவிடும் விஷயமும் இல்லை அது.

கணக்கீட்டு வகுப்பில் எழுதிக் கொடுத்த முதல் ஒப்படைக்கு அவளுக்கு மோசமான புள்ளி வந்தது. சொந்த வியாபாரம் ஒன்றின் கணக்கை எழுதச் சொல்லியிருந்தார். அவள் தன் மரக்கறி வியாபாரத்தையே எழுதியிருந்தாள். தாள் முழுக்கச் சிவப்பு. அவளுக்கு ஜிவ்வென்று ஏறியது. பழி தீர்க்கிறாரா? வகுப்பு முடிந்து எல்லாரும் போகும்வரை நின்று, தாளை அவர் மேசையில் வைத்தாள்.

"இதுல என்னா பிழைன்னு காட்டுங்க சேர்."

அவர் காட்டினார். வரிவரியாக, அவசரப்படாமல். லொறி வாங்கிய விலையையே இன்றைய பெறுமதியாகப் போட்டிருந்தாள். தேய்மானம் கழிக்கவில்லை. அதனால் கீழே இருந்த இலாபம் முழுவதும் பொய். அவர் சொன்னது சரி. பழியும் இல்லை, சலுகையும் இல்லை. கஜலட்சுமி தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இந்த முறை கோபம் யார் மேல் என்று தேட வேண்டியிருக்கவில்லை. தன் மேலேயேதான்.

லொறியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

"என்னா, திரும்பச் சண்டையா?" என்றான் பிரதீஸ்.

"இந்த லொறி ஒவ்வொரு வருஷமும் கொஞ்சங் கொஞ்சமா செத்துக்கிட்டு வருதாம். அதக் கணக்குல போடணுமாம். போடாம இவ்வளவு நாளும் லாபம் லாபம்னு ஆடியிருக்கோம்."

"இதத் தெரிஞ்சுக்கக் காலேஜுக்கா போகணும்? மடுல்கெல்ல ஏத்தத்துல மூணாம் கியர் விழுற சத்தத்தக் கேட்டாலே தெரியுமே."

"வாய மூடிக்கிட்டு ஓட்டுடா" என்றாள். "திங்கக்கிழமைக்குள்ள திருப்பி எழுதிக் குடுக்கணும். வீட்டுக்குப் போனதும் வாங்குன நாள்லேருந்து செஞ்ச ரிப்பேர் எல்லாத்தயும் ஒண்ணு விடாம சொல்லு."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும்."

அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினான். கஜலட்சுமி தாளை மடியில் விரித்து, சிவப்பு மையின் முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினாள்.